மூன்று கிராம் சீனி

அரைகுறையாக வாசிக்கிறவர்களை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

உயிரியல் படித்து, மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தேன். (நட்டம் மருத்துவபீடத்துக்கே என்று நம்பிக்கொண்டிருந்தேன்.) வைத்தியம் பார்க்க வேறு யாரும் அகப்படாததால் அப்பா அகப்பட்டார். அவருக்குச் சலரோகம், சீனி வருத்தம். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, எதிரில் நிற்பது ஆளா கதவா என்று தெரியாது. கண் டொக்டர் ஒப்பரேசனுக்கு நாள் தந்து, "அதுக்குள்ளை சீனியைக் குறையுங்கோ. குறையாட்டி வெட்டமாட்டன்" என்று சொல்லியிருந்தார்.

குறைக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. நானே பறித்துக்கொண்டேன்.

மானிப்பாயில் ஒரு கடையில் வெளிநாட்டு விசுக்கோத்துத் தகரப் பேணி ஒன்றைக் கண்டேன். பின்பக்க லேபிளில் கொழுப்பு, புரதம் என்று வரிசையாக எழுதியிருந்தது. சீனி மூன்று கிராம். பேணி முழுக்க மூன்றே கிராம்! கடைக்குள் கூத்தாடாத குறை.

அன்றே சட்டம் போட்டேன். லேபிள் இல்லாத எதுவும் அப்பாவின் வாய்க்குள் போகக்கூடாது.

"அம்மா, உந்தக் குரக்கன் பிட்டிலை என்ன இருக்கெண்டு எங்கை எழுதிக் கிடக்கு?"

"அடி விசரி, குரக்கன் பிட்டிலை குரக்கன்தான் இருக்கு."

அம்மாவின் விளக்கம் விஞ்ஞானபூர்வமாக இல்லாததால் நிராகரித்தேன். குரக்கன் மா, பனங்கிழங்கு ஒடியல், முருங்கையிலை வறை எல்லாம் தடை. வருத்தம் வந்த நாள் முதல் பனங்கட்டியைக் கடிக்காமல் வெறும் தேத்தண்ணி குடித்து வந்த மனிசனுக்கு, இப்போது ஒவ்வொரு தேத்தண்ணியோடும் விசுக்கோத்து. பேணி முடிய அடுத்த பேணி வாங்கினேன். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"இனிக்குதடி."

"நாக்கு பொய் சொல்லும் அம்மா. லேபிள் பொய் சொல்லாது."

அப்பா எனக்குத்தான் ஆதரவு. "இன்னும் ரெண்டு தா மோனை. மூண்டு கிராம்தானே!" என்பார். அவரால் லேபிளை வாசிக்க முடியாது, பாவம். என் கண்ணை நம்பியிருந்தார்.

ஒப்பரேசன் நாளன்று இரத்தத்தைச் சோதித்த டொக்டர் திகைத்துப் போனார். "ஐயா, என்ன சாப்பிடுறனீங்கள்?"

நான் பெருமையோடு பையிலிருந்து பேணியை எடுத்து நீட்டினேன். (மற்ற நோயாளிகளுக்கும் சிபாரிசு செய்வார் என்று கொண்டுபோயிருந்தேன்.) அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உந்தச் சீனிக்கு மேலை என்ன எழுதிக் கிடக்கு? வாசியும்."

வாசித்தேன். பொடி எழுத்தில், 'ஒரு விசுக்கோத்தில்' என்றிருந்தது.

வாங்கில் வரிசையாகக் குந்தியிருந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

ஒப்பரேசன் தள்ளிப்போனது. அம்மாவின் குரக்கன் பிட்டு திரும்ப வந்தது, சீனியும் குறைந்தது. ஆனால் அதற்குள் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. கொழும்புக்குப் போயிருந்த டொக்டர் திரும்பவில்லை. கண்ணை வெட்ட ஆளில்லை. யுத்தத்தை நான் தொடக்கவில்லைத்தான். ஆனால் அந்த நாளைத் தவறவிட்டது நான்.

சில வருடங்களில் எனக்கு மகள் பிறந்தாள். அப்பாவின் மடியில் கிடத்தினேன். அவர் விரல்களால் அவளின் நெற்றியை, மூக்கை, நாடியைத் தடவினார்.

"உவளிலை லேபிள் ஒட்டிக் கிடக்கோ மோனை? வாசிச்சுச் சொல்லு."

அழுதுகொண்டே வாசித்தேன். "கண் உங்கடை, அப்பா. மூக்கு அம்மாவின்ரை. நிறம் கொஞ்சம் குறைவு."

"மேலை இருக்கிறதையும் வாசிச்சனியோ?"

வீடே சிரித்தது. இன்றும் நான் மருந்துப் போத்தலையோ கலியாணக் கார்ட்டையோ கையில் எடுத்தால், யாராவது அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கடையில் மூக்குக் கண்ணாடியோடு ஒரு பெட்டியைப் புரட்டிக்கொண்டு நின்றால், மகளும் பின்னால் வந்து கேட்பாள்.

"அம்மா, மேலையும் வாசிச்சனீங்களோ?"

திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். அப்பா கடைசிவரை காணாத முகம் அது.