நடுவயதுக்காரர்கள் நோய் பரப்புவதில்லை

எந்த வயதினரால் காய்ச்சல் பரவுகிறது என்று தீர ஆராய்ந்து, சுகாதார அலுவலகம் ஓர் ஆணை பிறப்பித்தது. பதினைந்துக்குக் கீழே உள்ளவர்கள் பரப்புவார்கள். அறுபதுக்கு மேலே உள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இடைப்பட்டவர்கள் இரண்டையும் செய்வதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது.

ஆணைக்குக் கட்டுப்பட்டு, பிள்ளைகளை ஓர் அறையிலும் மாமனாரை இன்னோர் அறையிலும் வைத்தோம். ஒரு வாரம் ஓய்வு. சாப்பாடு கதவருகே வரும். தானாக வராது, நான்தான் கொண்டுபோவேன். பிள்ளைகளின் எச்சில் தட்டை எடுத்த கையோடு மாமனாருக்கு மாத்திரை.

எனக்கும் காய்ச்சல் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஒரே குதூகலம். எனக்கும் ஓர் அறை, ஒரு கதவு, ஒரு வாரம்!

"தாராளமா படுத்துக்கோ. சுகாதார அலுவலகத்துல ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துடு," என்றார் கணவர். எதிலும் முறை தவறாதவர்.

போனேன்.

"வயசு என்னம்மா?" என்றார் அதிகாரி.

"நாற்பத்தேழு."

"அப்ப உங்களுக்குத் தொற்று இல்லை."

"உடம்பு அடுப்பா கொதிக்குது சார்!"

"கொதிக்கலாம். அது உங்க சொந்தக் காய்ச்சல். அடுத்தவங்களுக்குப் போகாது."

"பிள்ளைங்ககிட்டருந்துதானே எனக்கு வந்துச்சு?"

"வந்திருக்கும். உங்ககிட்ட வந்ததும் நின்னுடும்."

"அது கிருமிக்குத் தெரியுமா சார்?"

"எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பியாச்சும்மா."

அப்போது இருமல் வந்தது. பரப்பாத வயதுக்காரி எதற்கு வாயைப் பொத்த வேண்டும்? சட்டத்தை மதித்து, அவர் முகத்துக்கு நேரே மனதார இருமிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அலுவலகம் முழுக்கப் படுத்துவிட்டது. அவசரமாகத் திருத்திய ஆணை வந்தது: 'அலுவலகம் செல்லும் நடுவயதினரும் நோய் பரப்புவர் எனக் கண்டறியப்பட்டதால், அவர்களுக்குச் சம்பளத்துடன் ஒரு வாரம் கட்டாய ஓய்வு. வீட்டில் இருக்கும் பெண்கள் ஏற்கெனவே ஓய்வில் இருப்பதால், இது அவர்களுக்குப் பொருந்தாது.'

கணவர் உடனே மிச்சமிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முறை தவறாதவர் அல்லவா?

நான் அவருக்கு மருந்து வாங்கக் கிளம்பினேன். மருந்துக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் ஓர் அம்மாள், கண்ணெல்லாம் சிவந்து, நிற்க முடியாமல் நின்றார்.

"எங்க வீட்டுக்காரர் சுகாதார அலுவலகத்துல பெரிய அதிகாரிங்க," என்றார் என்னிடம். "எவளோ ஒரு புண்ணியவதி அவர் மூஞ்சியிலயே இருமிட்டுப் போயிருக்கா. அவர் சொகுசா படுத்துட்டார். காய்ச்சலோட மூணு ரூமுக்கும் ஓடறது நானு. அவ மட்டும் என் கையில கெடைச்சா..."

"அடப்பாவமே," என்று சொல்லி, வரிசையில் அவரை எனக்கு முன்னால் விட்டேன்.