வௌவால்களுக்கு இருப்பிடச் சான்று

பக்கத்து ஊர் உரக்கடை சைபுல்லா இந்தக் கதையை நாலு வருடமாக நம்பவில்லை. சொன்னவள் டீக்கடை எல்லையம்மாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் அரசாங்கம் சம்பந்தப்பட்ட விஷயம். இவ்வளவு கிறுக்குத்தனம் உண்மையாக இருக்குமா, இவ்வளவு கிறுக்குத்தனம் இருப்பதால்தான் உண்மையோ என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

குடவாசல் போகும் சாலையில், வாய்க்கால் ஓரம் ஓர் இலுப்பை மரம். அதில் அறுநூறு பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. கீழே தார்ப்பாய் கட்டி எல்லையம்மாள் கடை நடத்துகிறாள். தார்ப்பாய் மழைக்காக அல்ல. சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டலாம் என்று உத்தரவு வந்தது. மரம் போனால் கடையும் போகும். புறம்போக்கில் இருக்கிறவள் தனக்காக மனுப் போட்டால் அதுவே குற்ற ஒப்புதல் ஆகிவிடும் என்பதால், அவள் வௌவால்கள் சார்பாகப் போட்டாள். மனுதாரர்கள்: அறுநூறு பேர்.

சாலைச் சிறப்பு அலுவலர் செல்லதுரை நேரில் வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். உடனே குடை கேட்டார்.

"இதுங்க இங்கேயே குடியிருக்கா, வந்து போறதா?"

"இங்கேதாங்கய்யா."

"நிரந்தரக் குடின்னா சாலை வளையணும். வந்து போறதுன்னா பதினஞ்சு நாள் நோட்டீஸ், அப்புறம் வெட்டு. விதியில தெளிவா இருக்கு. ஆதாரம் என்ன?"

"காலையில வந்து பாருங்க, தொங்கும்."

"தொங்கறது ஆதாரம் ஆகாதும்மா."

ஆதாரத்துக்காக ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுவேதா என்ற பெண்ணை வரவழைத்தார்கள். அவள் வலை கட்டிச் சில வௌவால்களைப் பிடித்து, கழுத்தில் ஒரு சிட்டிகை முடி கத்தரித்துக்கொண்டு பறக்கவிட்டாள்.

"முடியில என்ன பாப்பா தெரியும்?"

"மழைத் தண்ணியில கனமான ஹைட்ரஜன், லேசான ஹைட்ரஜன்னு ரெண்டு இருக்குக்கா. எது எவ்வளவுங்கறது ஊருக்கு ஊர் மாறும். மலையில பெய்யற மழை வேற, கடல் பக்கம் வேற. அந்தத் தண்ணியைக் குடிச்சா, அதுல விளைஞ்சதைத் தின்னா, முடியில பதிஞ்சிடும். எந்தப் பக்கம் வளர்ந்த முடின்னு சுமாராச் சொல்லிடலாம்."

செல்லதுரைக்கு உடம்பு சிலிர்த்தது. போலி தயாரிக்க முடியாத சான்று ஒன்றை முப்பது வருடப் பணியில் அவர் கண்டதில்லை.

"ஒப்பிட உள்ளூர் முடி கொஞ்சம் வேணும் சார். ஆடோ எலியோ போதும்."

"எலிக்குப் பட்டா இருக்கா? மூணு தலைமுறை மிராசு நான் இருக்கேன். சாயம் அடிக்காத இடமாப் பாத்து எடும்மா."

"என் முடியும் இருக்குங்கய்யா," என்றாள் எல்லையம்மாள்.

"நீ புறம்போக்கும்மா."

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. 'மனுதாரர்களின் முடி காவிரிப் படுகையோடு பொருந்துகிறது. ஒப்பீட்டு மாதிரி இப்பகுதியைச் சேர்ந்ததல்ல. குளிர்ந்த, உயரமான நாடுகளிலிருந்து அண்மையில் வலசை வந்த உயிரினமாக இருக்கக்கூடும்.'

வலசை வந்த உயிரினம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தது.

"அய்யா என்னதான் சாப்பிடறீங்க?"

"காலையில ஓட்ஸ். மதியம் கினோவா, பெரு நாட்டு மலைத் தானியம். ராத்திரி வாஷிங்டன் ஆப்பிள்."

"உங்க வயல் நெல்லு?"

"கொள்முதல் நிலையத்துல போட்டுடுவோம். அதை யார் திங்கறது, சர்க்கரை ஏறிடும்."

விதி என்றால் விதி. செல்லதுரை வீட்டுக் கதவில் பதினைந்து நாள் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அனுப்பியவர், பெற்றுக்கொண்டவர் இரண்டு இடத்திலும் அவர் கையெழுத்தே. பிறகு அதற்கு அவரே தடை வாங்கி, மறுசோதனையில் தாம் உள்ளூர் என்று நிரூபணமாகும்வரை அதையும் சாலைக் கோப்பையும் சேர்த்தே நிலுவையில் வைத்தார்.

தலையை மொட்டையடித்துக்கொண்டார். புது முடி இந்த மண்ணில் முளைக்க வேண்டும் அல்லவா? தினமும் எல்லையம்மாள் கடையில் ஆறு டீ, மதியம் இரண்டு சொம்பு கஞ்சி.

"எல்லாம் உள்ளூர்தானே?"

"ரெண்டு தலைமுறையா இதே அடுப்புங்கய்யா."

ஆறு மாதம் கழித்துச் சோதித்தார்கள். உள்ளூர் இல்லை. மறுபடி மொட்டை. மறுபடி இல்லை. இதற்குள் ஊரில் இது மோஸ்தராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்புக்குப் பக்கத்தில் முடி அறிக்கை எண் போட்டார்கள். சோதித்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட உள்ளூர் இல்லை. அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போயிற்று; அத்தனை பேரும் மேல்முறையீடு செய்து அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். வௌவால்களுக்கு மட்டும் சான்று வழங்கப்பட்டு, மரத்தில் கட்டப்பட்டது. படிக்க வசதியாகத் தலைகீழாக.

சாலை இன்றுவரை மரத்துக்கு இருபதடி முன்னால் நிற்கிறது.

போன வாரம் சைபுல்லா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எட்டாவது மொட்டையோடு செல்லதுரை ஆறாவது டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். "இந்தத் தடவை வந்துடும்," என்று தலையைத் தடவிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஜீப் திரும்பியதும், எதிரிலிருந்து ஒரு சின்ன வேன் வந்து நாலு நீலக் கேன்களை இறக்கியது. 'உதகை மலைச் சுனை நீர்' என்று அச்சடித்து, பக்கத்தில் பனிமலைப் படம். எல்லையம்மாள் ஒன்றை அலுங்காமல் தூக்கி பாய்லரில் கவிழ்த்தாள்.

"என்ன பாய், டீ ஆறுது?"

சைபுல்லா டம்ளரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். இருபதடி தள்ளி நிற்கும் சாலையைப் பார்த்தார். தன் தலைமுடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடைசியில் கேட்டே விட்டார்:

"ஏன்க்கா, நாலு வருஷமா அவருக்குப் போடற டீயும் இந்தத் தண்ணியிலதானா?"