சர்க்கரைத் தண்ணீர் ஆராய்ச்சி

ஒரு காட்டில் செண்பகா என்றொரு கரடி இருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கோடை விடுமுறைக்கு ஆமைப் பேராசிரியரின் விலங்கு நடத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கேட்டு விண்ணப்பித்தது. 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கட்டத்தில் 'அளவுக்கு மீறிய உழைப்பு' என்று எழுதியது. இடம் கிடைத்துவிட்டது.

வேலை சுலபம். தேனீக்களுக்குத் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது என்று மாலையில் அளந்து குறிக்க வேண்டும்.

முதல் வாரம் செண்பகா தன்னைப் பெரிய விஞ்ஞானியாகவே நினைத்துக்கொண்டது. கண்ணாடிகூட வாங்கி மாட்டிக்கொண்டது. பார்வையில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் வெயில் ஏறியது. இனிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு நக்கியது. அந்தச் சொட்டை நம்பலாமா என்று பார்க்க இன்னொன்று. மாலையில், 'தட்டு முழுவதும் காலி' என்று நேர்மையாகக் குறித்தது.

பேராசிரியர் ஓட்டுக்குள்ளிருந்து முழுக் கழுத்தையும் நீட்டினார். "என்னம்மா இது! தேனீக்கு இவ்வளவு பசியா? பெரிய கண்டுபிடிப்பும்மா!"

"ஆமாம் சார்" என்றது செண்பகா. பாராட்டும் இனிக்கத்தான் செய்தது.

மாதக் கடைசியில் ஒரு தேனீ வந்தது.

"அக்கா, நாங்க பேராசைக்காரங்கன்னு அறிக்கை போகுதாமே? அது போச்சுன்னா, இனிமே ஒவ்வொரு பூவுக்கும் படிவம் நிரப்பி வரிசையில நிக்கணும். உங்களுக்கே நல்லாருக்கா?"

அன்று செண்பகாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பாதித் தட்டுதான் குடித்தது. மறுநாள் காலை பேராசிரியர் முன்னால் போய் நின்றது.

"சார், குடிச்சது தேனீ இல்ல. நான்தான்."

பேராசிரியர் குறிப்பேட்டைப் புரட்டினார். "எத்தனை நாளா?"

"பதினெட்டு நாளா, சார்."

"வெட்கமா இல்ல?"

"குடிக்கும்போது இல்ல, சார். தட்டு காலியானப்புறம் வரும்."

பேராசிரியர் பரபரப்பாகப் பேனாவைத் தேடினார். "அடடா! எந்தத் தேனீயும் இப்படி ஒரு தகவல் குடுத்ததில்லம்மா!"

அறிக்கையின் தலைப்பில் 'தேனீ' என்பதை அடித்துவிட்டுக் 'கரடி' என்று எழுதினார். தேனீக்கள் பிழைத்தன. செண்பகாவின் நாற்காலியைக் கூண்டுக்குள் நகர்த்திப் போட்டார்கள்.

கோடை முடிந்ததும் சான்றிதழ் வந்தது. 'ஆராய்ச்சி உதவியாளர்' என்றிருக்கும் என்று செண்பகா சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. 'மாதிரி எண் 1' என்றிருந்தது. முதலிடம் என்று அம்மாவிடம் சொல்லிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டது.

நீதி: உண்மையை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு ஆராய்ச்சியில் எப்போதும் இடம் உண்டு, தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம் இருக்கும்.