ஆறாம் நம்பர் ரிலேவுக்கு மரியாதை

கிஜில்-தாலா துணைமின் நிலையத்தில் எட்டு ரிலேக்கள் பணியாற்றி வந்தன. தாங்க முடியாத அளவு மின்சாரம் ஓடினால் டிரிப் ஆகி, லைனைத் துண்டித்து, டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். அதை ஒழுங்காகச் செய்த குற்றத்துக்காக அவற்றின் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்ட வரலாறு பின்வருமாறு.

அந்த வருஷத்தை 'இடையறாத ஒளி ஆண்டு' என்று தலைநகரத்தில் அறிவித்தார்கள். அறிவித்தபோது அங்கேயே மின்சாரம் இல்லை என்பது வேறு விஷயம். கிஜில்-தாலாவில் நிலக்கரி அடுப்பு வைத்திருப்பது நாகரிகக் குறைவு என்று ஒரு பேஷன் கிளம்பி, குளிர் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஹீட்டர் எரிந்தது. ஊருக்கு இருந்ததோ ஒற்றை டிரான்ஸ்ஃபார்மர். அது போனால் பனி உருகிப் பாதை திறக்கும்வரை வேறு வராது. ஆகவே ரிலேக்கள் அடிக்கடி டிரிப் ஆயின. ஊர் பெகிமாயைத் திட்டியது.

பெகிமாய்தான் ரிலே எஞ்சினியர். சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு ரிலேவுக்குள்ளும் மின்சாரம் செலுத்தி, எந்த அளவில் டிரிப் ஆகிறது என்று பார்த்து, திருகாணியைச் சரிசெய்து, ஈய முத்திரை வைப்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை போய்விடுமோ என்ற பயம் அதைவிட நீளம்.

ஒருநாள் காலையில், ஊரே 'பைகே', அதாவது அண்ணன், என்று அழைக்கும் நிலையத் தலைவர் ஒரோஸ்பெக் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் கூர்மூக்கு ஷூ போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைநகரத்திலிருந்து வந்திருந்த மனப்பான்மை ஆலோசகர், பெயர் சமத்.

"ஏம்மா பெகிமாய், ஏழு ரிலே எப்பப் பாத்தாலும் டிரிப் ஆகுது. ஆறாம் நம்பர் மட்டும் வருஷக்கணக்கா ஒரு தடவைகூட ஆகல. கவனிச்சியா?" என்றார் ஒரோஸ்பெக்.

"கவனிச்சேன் பைகே. அது செத்துப் போச்சு. உள்ள கம்பிச்சுருள் கருகிக் கெடக்கு. மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

"செத்தா என்ன? ஒழுங்கா இருக்குல்ல?"

ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார். "கருவியில கோளாறு இல்ல. எண்ணத்துலதான் கோளாறு. அந்த ஏழும் எந்நேரமும் ஆபத்தையே நினைக்குதுங்க. ஆறாம் நம்பர்கிட்ட நம்பிக்கை இருக்கு."

"ஐயா, ஆபத்தை நினைக்கத்தானே அதுங்களை வாங்கி மாட்டியிருக்கு?"

"பாத்தீங்களா, இந்த அம்மாவுக்கும் அதே வியாதி."

மற்ற ஏழு ரிலேக்களையும் ஆறாம் நம்பரின் தரத்துக்கு உயர்த்தும்படி அங்கேயே உத்தரவாயிற்று.

"செத்த ரிலே மாதிரி எப்படி பைகே செட் பண்றது?"

"சாகடிக்காமப் பண்ணு. அதுக்குத்தானே எஞ்சினியர் படிச்ச?"

"டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிடும்!"

"ரிலே டிரிப் ஆனாத்தான் பழுது. டிரிப்பே ஆகலன்னா பழுது எங்கிருந்து வரும்? சரி, உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு. கணவாய்க் காவல் குடிசைல ஒரு வேலை காலியா இருக்கு. பேச்சுத்துணைக்கு ஓநாய் வரும்."

பெகிமாய் போய் ஏழு திருகாணிகளையும் கடைசிவரை திருகினாள். திருகத் திருக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முத்திரையைச் சுத்தமாகத்தான் வைத்தாள்.

அதன்பிறகு கரண்ட் போகவேயில்லை. ஊரே பூரித்தது. தெருவில் பார்த்தால் சாபம் விடும் பக்கத்து வீட்டு ஷராபத் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் கொண்டுவந்து, 'எஜே', அதாவது அக்கா, என்று உறவு கொண்டாடினாள்.

"எஜே, இப்பத்தான் உங்களுக்கு வேலை பிடிபட்டிருக்கு! நான் இன்னும் ரெண்டு ஹீட்டர் வாங்கிட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல பெகிமாய் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஒரு போர்சோக்கைப் போட்டுக்கொண்டாள். நன்றாகவே இருந்தது.

கடுங்குளிர் நாளொன்றில் ஆறாம் நம்பர் ரிலேவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். ஆடு அடித்து, அதன் தலையை, பெரிய விருந்தாளிக்குச் செய்யும் முறைப்படி, ஆலோசகர் முன்னால் வைத்தார்கள். ரிலேப் பெட்டிக்கு ஜரிகை அங்கி போர்த்தி, உச்சியில் வெள்ளைக் கம்பளித் தொப்பி கவிழ்த்தார்கள். நாகரிகத்தை உத்தேசித்து, முற்றத்தில் கறி வெந்ததும் மின்னடுப்புகளில்தான். வேலிக்கு அப்பால் டிரான்ஸ்ஃபார்மர் முனகியது, பிறகு உறுமியது.

பெகிமாய் ஓடிவந்தாள். "பைகே, டிரான்ஸ்ஃபார்மர்ல எண்ணெய் கொதிக்குது! கையால ஆஃப் பண்ணிடறேன்!"

"சும்மா இரு! ஐயா நம்பிக்கையப் பத்திப் பேசிட்டிருக்காரு. நடுவுல இருட்டாக்கினா மரியாதையா?"

ரிலேப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த சுவிட்சின் மேல் அவள் கை இருந்தது. இழுத்தால் கணவாய். இழுக்கவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளூர் ரிலேக்கள் எட்டும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தன. மலைக்கு அப்பாலிருந்த பெரிய மின்நிலையத்தின் ரிலேவுக்கு யாரும் மனப்பான்மைப் பயிற்சி அளித்திருக்கவில்லை. அது டிரிப் ஆகி, பள்ளத்தாக்கு முழுவதையும் இருட்டாக்கியது.

ஆலோசகர் ஆட்டுக்காதைக் கடித்தபடியே விசாரணையை முடித்தார். நம் ரிலே எதுவும் டிரிப் ஆகவில்லை. ஆகவே பழுது இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளின் தயவின்றி வெப்பத்தை நேரடியாக மக்களுக்கு வழங்கத் தொடங்கியிருக்கிறது.

பெகிமாய் ஊர்க்காரர்களைப் பார்த்தாள். யாராவது ஒருவர் கல்லெறிவார் என்று அவள் பயந்தாள். எறிய வேண்டும் என்று உள்ளுக்குள் ஏங்கவும் செய்தாள். ஊர்க்காரர்கள் வீடுகளிலிருந்து கம்பளத்தைக் கொண்டுவந்து, தீயைச் சுற்றி வட்டமாக விரித்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருக்கு பைகே," என்றாள் ஷராபத். "நாளைக்கு எதை எரிப்பீங்க?"

"பக்கத்து ஊர் டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டிருக்கோம்," என்றார் ஒரோஸ்பெக். "பெகிமாய் அங்க போய் ரிலேவை செட் பண்ணிட்டு வருவா."

எல்லாரும் கைதட்டினார்கள். பெகிமாய்க்கும் வட்டத்தில் இடம் விட்டார்கள். அவள் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தீப்பக்கம் நீட்டினாள்.