சென்சாரை வேகவைத்த விவரம்

ராயபுரம், திருப்பூர்.

மாப்பிள்ளை முகிலன் அவர்களுக்கு நல்லான் எழுதுவது. நானும் மயிலாளும் சௌக்கியம். நீங்கள் என் தலையில் கட்டிய உங்கள் பழைய வண்டிதான் சௌக்கியமில்லை. நேற்று நான் போனில் கத்தியதிலிருந்து நீங்களும் என் தங்கச்சி சித்ரகலாவும் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

போன வாரம், துணி மூட்டை ஏற்றி ரெண்டு தெரு தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது என்றதற்கு, "எஞ்சின்ல ஒண்ணுமில்லீங்க மச்சான், சூடு காட்டுற சென்சார்தான் போயிருக்குது. கழட்டி வெந்நீர்ல போட்டு கரண்ட் மீட்டர் வெச்சுப் பாருங்க, சூடு ஏற ஏற மீட்டர்ல நம்பர் எறங்கோணும்" என்று உடுமலையில் காற்று வாங்கிக்கொண்டே வைத்தியம் சொன்னீர்கள். நானும் நம்பி மயிலாளின் ரசப் பாத்திரத்தில் அதைக் கொதிக்க விட்டேன், அன்றைக்கு ரசமெல்லாம் ஆயில் வாசம், "ஏனுங்க, சோறும் அந்த வண்டியவே ஆக்கிப்போடச் சொல்லுங்க" என்று ரெண்டு நாள் அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. வீட்டுக் கொதியில் கணக்குத் தெரியாது என்று முதலிபாளையத்தில் நான் துணி ஏற்றும் சாயப்பட்டறைக்கே கொண்டுபோனேன். சாய மாஸ்டர் மூக்கையா ஒரு டிகிரி தவறாதவர். அறுபதில் வைத்தார், எண்பதில் வைத்தார், நம்பர் ஒழுங்காக இறங்கியது. "சென்சார்ல ஒரு கொறையும் இல்லப்பா, வண்டிதான் நெசமாவே கொதிக்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதுதான் நேற்று போனில் கத்தினேன். கொதிக்கிற எஞ்சின் என்று தெரிந்துதானே கொடுத்தீர்கள்? தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எனக்கு இவ்வளவுதான் மரியாதையா?

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஜனனியின் காதுகுத்துக்கு நான் வரப்போவதில்லை. உட்காரவைக்கத் தாய்மாமன் மடிக்கு வேறு ஆள் பாருங்கள். குழந்தைக்கு என் ஆசீர்வாதம் உண்டு, மடி கிடையாது.

இப்படிக்கு,
வெந்துபோன மச்சான்,
நல்லான்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் மூக்கையா வந்து ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றினார். உள்ளே உருண்டையாகப் பனியன் வேஸ்ட் துணி. போன மாதம் ரேடியேட்டரைக் கழுவும்போது ஒழுகாமலிருக்க நானேதான் அடைத்தேன். இந்த ஊரில் எந்த ஓட்டைக்கும் அதுதானே அடைப்பு. எடுக்க மறந்து அப்படியே மாட்டிவிட்டேன். வேறு கடிதம் எழுதலாமென்றால் மயிலாள் விடவில்லை, "எழுதுனத அவிய படிக்கட்டும், அப்பத்தான் உங்களுக்குப் புத்தி வரும்" என்கிறாள். வண்டி இப்போது சூடே ஆவதில்லை. தங்கச்சி ரொம்ப அழுதாளா? மடிக்கு இன்னும் யாரிடமும் சொல்லவில்லையென்றால், அவளை ஒரு மிஸ்டு கால் மட்டும் விடச் சொல்லுங்கள்.