மில்லி டீச்சரின் சுண்டல் சோதனை

மலேசியாவில் எங்கள் கிள்ளான் நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், நுரை பொங்க ஆற்றித் தரும் பால் டீயான தே தாரிக்கை அளந்து குடிக்கிற மனுஷி ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தமிழ்ப்பள்ளியின் மில்லி டீச்சர். மூன்றாம் ஆண்டுக்கு அறிவியலும் கணிதமும் அவர்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. கைப்பையில் சீப்பு இருக்காது; அளவுக் குவளை இருக்கும்.

"அக்கா, இருநூறு மில்லி கேட்டேன். இது நூத்தி எண்பத்தஞ்சுதான்."

"நுரையையும் சேத்துக்குங்க டீச்சர்," என்பார் கேண்டீன் அக்கா.

"நுரை வெறும் காத்து லா அக்கா!"

பொய்யும் அவரிடம் ஒரு மில்லிகூடக் கிடைக்காது. தலைமையாசிரியர் புதுச் சட்டையில் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "இடுப்புல நாலு சென்டிமீட்டர் பத்தல சார்" என்பார். இத்தனைக்கும், டீச்சர் வருஷக்கணக்காக ஏங்கிய 'சிறந்த ஆசிரியர்' என்ற தகுதிக்குப் பரிந்துரைக்க வேண்டியவரே அந்தத் தலைமையாசிரியர்தான்.

ஒருவழியாக, அந்தத் தகுதிக்காக ஒரு வெள்ளிக்கிழமை டீச்சரின் பாடத்தைப் பார்க்கக் கல்வி இலாகா அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அன்றைக்குப் பார்த்துத்தானா நான் அவர் தலையில் கல்லைப் போடவேண்டும்!

வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். அந்த வாரம் என் முறை. பயறு ஊறவைக்கச் சுத்தமாக மறந்துபோனேன். காலையில் பதறிக்கொண்டு அறிவியல் அறைப் பக்கம் போனால், மூன்று தட்டுகளில் பச்சைப்பயறு முளைவிட்டிருக்கிறது! யாரோ புண்ணியவான் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று அள்ளிக்கொண்டு போய்க் கேண்டீன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தட்டுகளில் 24, 48, 72 என்று ஊறிய மணிக்கணக்கு ஒட்டியிருந்ததாம். நான் தமிழ் ஆசிரியன். எண்ணைக் கண்டால் என் கண் தானாக நகர்ந்துவிடும்.

அதிகாரி வரப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், என் முளைங்க எங்க?"

கேண்டீனிலிருந்து கடுகு தாளிக்கும் வாசம் வந்தது. அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேராகக் கேண்டீனுக்குப் போய், சுண்டல் சட்டியையே தூக்கி வந்து வகுப்பு நடுவில் வைத்தார். அதிகாரி பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். நான் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைங்களா, மூணு நாளா தினம் ஒரு தட்டு ஊறவச்சோம்ல? இப்ப எல்லாம் கலந்துபோச்சு. எது எந்தத் தட்டு? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

"அளந்து பாக்கலாம் டீச்சர்!"

அடிக்கோலை எடுத்து, தேங்காய்த் துருவலை ஒதுக்கிவிட்டு, முளை முளையாக அளந்தார்கள். குட்டை, நடுத்தரம், நீளம் என்று பிரித்து, எதில் எத்தனை முளை என்று காட்டும் பட்டைக் குறிவரைவும் போட்டுவிட்டார்கள். அதிகாரி எழுந்து வந்து, "எங்க, அந்த நீளமான முளையக் காட்டும்மா" என்று ஒரு சிறுமியிடம் கேட்டார்.

"சாப்ட்டேன் சார்," என்றாள் வாய் நிறைய. "முப்பத்திரண்டு மில்லிமீட்டர்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். தனக்கும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எல்லாம் சரி டீச்சர். சோதனைப் பயற சமையலுக்குக் குடுத்தது யாரு? நான் எழுதணும் லா."

டீச்சர் ஒருமுறை சன்னல் பக்கம் பார்த்தார்.

"நான்தான் சார். ஞாபகமில்லாம குடுத்துட்டேன்."

அறிக்கையில் 'கவனம் தேவை' என்ற ஒரு வரியோடு, தகுதி மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தது. ஒரு மில்லி பொய் சொல்லாத மனுஷி, எனக்காக அன்று முழுப் பொய் ஒன்று சொன்னார். அன்றிலிருந்து அவருடைய தே தாரிக்கை நான்தான் வாங்கி வந்து கொடுக்கிறேன். இருநூறு மில்லி, நுரையைக் கழித்து.