போப்பா மலை ஏறிய பன்றிக்கறி

மாக்வேயில் இருக்கும் அன்புள்ள அக்கா டோ தின் மேவுக்கு, தம்பி ஊ சோ ஞுன் வணங்கி எழுதுவது. மும்மணிகளின் அருளால் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் கெட்டது உங்களால்தான்.

நம் பெண் நிலாருக்கு நல்ல சம்பந்தம் கூடி வந்ததல்லவா, மாப்பிள்ளையின் அம்மா டோ ச்சி ச்சி, "போப்பா மலைத் தெய்வங்களக் கும்பிட்டு, அப்படியே ஸலே மர மடாலத்துக்கும் போயிட்டு வருவோம், குறையில்லாமப் போயிட்டு வந்தா நாள் குறிச்சிடலாம்" என்று கூப்பிட, இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கிளம்பினோம், நீங்கள் வழிக்கு அனுப்பிய தூக்குச்சட்டியை நான் திறந்துகூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டேன், மலையேற்றத்தில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"யாருங்க பன்னிக்கறி வெச்சிருக்கறது? அந்தத் தெய்வங்களுக்கு ஆகாதுன்னு தெரியாதா? வண்டி நகராது."

டோ ச்சி ச்சி தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்க வீட்டு ஆளுங்க அப்படிச் செய்வாங்களா?" என்றார். "எங்க வீட்லயும்தான்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூடியிடுக்கில் உங்கள் மாங்காய் போட்ட பன்றிக்கறி மணத்தது.

வயிறு சரியில்லை என்று சட்டியோடு புதருக்குப் பின்னால் போனேன். கொட்ட மனம் வரவில்லை, நீங்கள் சமைத்ததாயிற்றே, ஏழு பேருக்கான கறியையும் நானே தின்றேன். திரும்பி வந்து ஏறியதும் வண்டி கிளம்பிவிட்டது! அந்த வயிற்றோடு மலையேறி, ஒவ்வொரு தெய்வத்தின் முன்னாலும் வாயைப் பொத்திக்கொண்டு கும்பிட்டேன். குரங்குகள் டோ ச்சி ச்சியின் பையையே சுற்றிவந்தன, அவர் விடவேயில்லை. உள்ளே காணிக்கை இருக்கும்போல, என்ன பக்தி என்று மெச்சினேன். கடைசியில் ஸலே மடாலத்தில், தேக்குத் தூண்களுக்கு நடுவே எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது, எனக்கு ஏப்பம் வந்துவிட்டது அக்கா. சத்தம் வராமல் விழுங்கிவிட்டேன், வாசனையை என்ன செய்ய? டோ ச்சி ச்சி மூக்கை உறிஞ்சினார், முகம் வெளுத்தது, வீடு வரும்வரை நாள் குறிக்கும் பேச்சையே எடுக்கவில்லை. சம்பந்தம் போயிற்று. நிலார் சாப்பிடவில்லை, என்னைத் திட்டக்கூட இல்லை. இனி நம் வீட்டுக்கு எதையும் சமைத்து அனுப்பாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தம்பி,
சோ ஞுன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டோ ச்சி ச்சியே வந்துவிட்டார். வீட்டுக்காரருக்குப் பிடிக்குமே என்று வழியில் வாங்கிய பன்றி வறுவல் அவர் பையிலேயே இருந்ததாம். "மடாலத்துல வாசனை வந்து என் மானமே போச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அதுக்காகப் பொண்ணு தரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று அழுதார். நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். வரும் பௌர்ணமிக்கு நிச்சயதார்த்தம், அதே கறி நீங்கள்தான் சமைக்க வேண்டும்.